கூரைத்துணி

மே மாதம் பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு கொப்புளம்.
ஜூனில் அது பயணிகளின் தலையைத் தொட்டது.
விமான நிலையத்தில் ஏறிய பல் மருத்துவர்
வீடு வரும்வரை ஒரு கையால் துணியைத் தாங்கிக்கொண்டு
மறுகையில் போன் பேசினார்.
இறங்கும்போது மீதிச் சில்லறை வேண்டாமென்றார்.
இரக்கமா அவசரமா, நான் கேட்கவில்லை.

மெக்சிகாலியில் அன்று வெயில் நாற்பத்தெட்டு.
சாத்திய டாக்சிக்குள் எவ்வளவு என்று பார்க்க
நான் வைத்த மலிவு வெப்பமானி
அறுபதோடு முடிந்துவிட்டது.
அதற்குமேல் அதில் கோடு கிடையாது.

குண்டூசி குத்தியவன் ரெஃபூஹியோ, என் கொழுந்தன்.
அவன் அண்ணன் என்னைவிட்டுப் போய் நாலு வருஷம்.
இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று
சபையறிய நான் சொன்ன குடும்பம் அது.
ஆனாலும் டப்பாவோடு வந்தான்,
பார் அண்ணி, நட்சத்திரக் கூட்டம் என்றான்.
மூன்றாம் நாள் வேகத்தடையில் ஒரு நட்சத்திரம்
கன்னியாஸ்திரி ஒருவரின் கழுத்துக்குள் விழுந்தது.

பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை
மதியத்துக்குள் பாலாகி என் தோளில் சொட்டியது.
சூட்டுத் துப்பாக்கிப் பசையைப் பற்றி யோசித்தேன்.
சூட்டில் உருகி ஒட்டுவது
சூட்டில் உருகிப் பிரியாதா?

கால்வாய்க் கரையில் எலிசேயோவின் ஹார்டுவேர் கடை.
"பசையுள்ள ஆளுக்கு இது" என்று
விலை கூடிய ஸ்பிரேயை முன்னே தள்ளினான்.
நான் விலை குறைந்ததை எடுத்து
கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் படித்தேன்:
ஐம்பது டிகிரிவரை தாங்கும்.
"காலை எட்டு மணிவரை தாங்கும்" என்றான் அவன்.
இருவரும் சிரித்தோம், மின்விசிறியும் ஏதோ சொன்னது.
தகர டப்பாவில் மஞ்சள் சிமெண்ட்,
பிரஷ்ஷில் தடவுவது, திறந்தாலே தலை சுற்றுவது.
கொஞ்சம் கூடினால் துணியைத் தாண்டி
வெளியே வந்து கறையாக நிற்குமாம்.

பிறகுதான் கேட்டான்:
"பிரிந்தது துணியா, நுரையா?"
பதினோரு வருஷம் ஓட்டுகிற வண்டி.
எனக்குத் தெரியவில்லை.

வெயிலுக்குள் இறங்கி வந்து
தொங்கலுக்கு உள்ளே விரலை விட்டான்.
ஆரஞ்சுப் பொடி, காய்ந்த மிளகாய்த் தூள் மாதிரி.
"பசைமேல் பழி போடாதே, ஒபதூலியா.
அட்டையில் அட்டைப் பசை அப்படியே இருக்கிறது,
துணியில் துணிப் பசை அப்படியே இருக்கிறது.
நடுவிலிருந்த நுரைதான் மாவாகிவிட்டது.
பொடியின் மேல் எதை அடித்தாலும்
பொடியோடுதான் ஒட்டும்."

விலை கூடியதையே வாங்கினேன், இரண்டு கேன்.
எண்பது டிகிரி என்று போட்டிருந்தது.
நுரை வைத்த புதுத்துணி இரண்டு மீட்டர், சாம்பல் நிறம்.
பாதிப் பணம் சனிக்கிழமை தருவதாகப் பேச்சு.

இரவு இரண்டு மணிக்கு முப்பத்துநாலுதான்,
அதுதான் வேலைக்கு நேரம்.
பின்கதவு வழியாக அட்டையை உருவினோம்,
ரெஃபூஹியோ ஒரு முனை, நான் ஒரு முனை.
முதுகுப்பக்கம் யாரோ தொழிற்சாலையில்
பென்சிலில் 17 என்று எழுதி ஒரு டிக் போட்டிருந்தார்கள்.
அதைமட்டும் அவன் சுரண்டவிடவில்லை.
எங்கள் புருவமெல்லாம் ஆரஞ்சு.

இரண்டு பக்கமும் அடித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும்.
ஈரத்தில் சேர்த்தால் நழுவும்,
அதிகம் காய்ந்தால் சேராது.
விரலை வைத்தால் இழுக்கணும், ஆனால் விரலோடு வரக்கூடாது.
அந்தப் பத்து நிமிஷத்தில் அவன்
அண்ணனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான்.
கையை வை, காய்ந்ததா பார் என்றேன்.
பார்த்தான். "இன்னும் இல்லை."
மறுபடி ஆரம்பிக்கவில்லை.

நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனோம்.
இது ஒருமுறைதான் ஒட்டும்,
பிரித்து இன்னொருமுறை வைக்க முடியாது.

அடுத்த நாள் வேண்டுமென்றே
நடுமதியத்தில் நிழலில்லாத இடத்தில் நிறுத்தினேன்.
மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால்
மேலே தட்டையாக, சாம்பலாக,
ஒரு குறையும் சொல்ல முடியாத கூரை.
விளக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சுருக்கம்,
சுண்டுவிரல் நீளம்.

அது தன் பக்கம் இல்லை என்கிறான் ரெஃபூஹியோ.